பாயும் பந்தியும்

எங்கள் துறையில் இவ்வாண்டு ஆய்வில் சேர்ந்த மாணவி ஒருவர் நகரத்தில் ஒரு யோக வகுப்பில் சேரவிருக்கிறார். “அங்கே எப்படி நடந்துகொள்வது முறை, அக்கா?” என்று கேட்டு எழுதியிருந்தார். நான் நான்கு ஆண்டுகளாகத் திருவனந்தபுரத்தில் ஒரு காலை வகுப்புக்குச் சென்று வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். நான்கு வரியில் விடையெழுதி முடித்துவிடலாம் என்றுதான் அமர்ந்தேன். எழுத எழுத, அது யோகத்தைப் பற்றிய விடையாக மட்டும் நில்லாமல், இந்த ஊரைப் பற்றியும் ஒரே தரையில் பலர் அமர்வதைப் பற்றியும் விரிந்துவிட்டது. பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

முதலில் எளியவற்றைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகச் சென்றுவிடுங்கள். செருப்பைப் பிறர் கால்வைக்க இடம்விட்டுக் கழற்றுங்கள். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இந்த ஊரில் குடையின்றி யாரும் வெளியே வருவதில்லை. சொட்டும் குடையைக் கூடத்துக்குள் கொண்டுவந்தால் தரை வழுக்கும், ஒற்றைக்காலில் நிற்கும் ஒருவர் விழக்கூடும். எனவே குடை வாசலில் இருக்கட்டும். ஈரக்காலைத் துடைத்துவிட்டு உள்ளே வாருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். வயிறு காலியாக இருக்கட்டும். நறுமணத் தைலங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது உங்கள் வாசனை அடுத்தவரின் நெஞ்சுக்குள் செல்கிறது, அதை வேண்டாமென்று சொல்ல அவருக்கு வழியில்லை. பிறர் பாயைத் தாண்டியோ மிதித்தோ செல்லாதீர்கள். உயர் இரத்த அழுத்தமோ, கண்ணழுத்த நோயோ, கழுத்துவலியோ, கருவுற்றிருப்பதோ எதுவாயினும் வகுப்புக்கு முன்பே ஆசிரியரிடம் தனியே சொல்லிவிடுங்கள். தலைகீழாக நிற்கச் சொல்லும் நொடியில் சொன்னால் அவர் முப்பது பேரை விட்டுவிட்டு உங்களிடம் ஓடிவர வேண்டியிருக்கும். அடுத்தவரின் உடம்பைப் பார்த்து ஒப்பிடாதீர்கள், கேட்காமல் திருத்தாதீர்கள். இறுதியாக, சவாசனம் முடியும் முன்பு எழுந்து போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் அது தொடங்கும் முன்பே, ஓசையின்றிச் சென்றுவிடுங்கள்.

இவற்றை ஒருமுறை வாசித்தாலே ஓர் இயல்பு புலப்படும். இவற்றுள் பெரும்பாலானவை உங்களுக்காக வகுக்கப்பட்டவை அல்ல. பக்கத்துப் பாயில் இருப்பவருக்காக வகுக்கப்பட்டவை. வீட்டில் தனியாக யோகம் செய்பவருக்குக் குடையும் வாசனையும் செருப்பும் ஒரு பொருட்டே அல்ல. அவ்வாறெனில் இந்த அண்டை நாகரிகம் யோக மரபுக்குள் எங்கிருந்து வந்தது? ஆய்வு மாணவிக்கு எழும் இயல்பான ஐயம்தான். நூல்களைத் தேடிப் பார்த்தேன்.

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை இதில் நமக்கு உதவாது. அது பரிந்துரைக்கும் இடம் ஒரு சிறு குடில். சிறிய வாசல், சன்னல் இல்லை, சாணமிட்டு மெழுகிய தரை, உள்ளே ஒரே ஒருவர். யோகத்தைக் கெடுப்பவை என்று அந்நூல் ஆறினை எண்ணுகிறது: மிகையாக உண்பது, மிகையாக உழைப்பது, மிகையாகப் பேசுவது, நியமங்களைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்வது, மக்கள் கூட்டத்தோடு சேர்வது, மனத்தின் அலைவு. ஐந்தாவதைக் கவனியுங்கள். மக்கள் கூட்டமே யோகத்துக்குக் கேடு என்று கருதிய நூலில், முப்பது பேர் கூடிச் செய்யும் வகுப்புக்கான நடத்தைமுறை இருக்க வாய்ப்பில்லை. நான்காவதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

வரிசையாகப் பாய்விரித்து, ஒரே குரலுக்கு முப்பது உடல்கள் ஒருசேர அசையும் வகுப்பு மிக அண்மைக்காலத்து ஏற்பாடு. 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்கு நடத்திய யோகசாலை அதன் முன்னோடிகளுள் ஒன்று. நமது ஊர்ப்பக்கத்தில், பாலக்காட்டைச் சேர்ந்த விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேலைநாடுகளுக்குச் சென்று மையங்களை நிறுவினார். 1978இல் நெய்யாறு அணைக்கருகே ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள், ஒரே வரிசைமுறை, மணியடித்தால் தொடங்கும் அன்றாடம் என்ற அமைப்பு உலகின் எந்த நகரத்து வகுப்புக்கும் பொருந்தும்படி ஆக்கப்பட்டது. குடிலில் இருந்தவர் கூடத்துக்கு வந்துவிட்டார். கூடத்துக்கான மரியாதைகளை வேறெங்கிருந்தோ எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

களரியிலிருந்து வந்திருக்கலாமோ என்று முதலில் எண்ணினேன். கிழக்கேகோட்டையில் 1956 முதல் இயங்கிவரும் சி.வி.என். களரியின் பார்வையாளர் மாடத்தில் சில காலைகள் நின்று பார்த்திருக்கிறேன். தரைமட்டத்திற்குக் கீழே தோண்டியமைத்த மண்தளம். வலக்காலை முதலில் வைத்து இறங்குகிறார்கள். மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக எழும் பூத்தறையையும் குருத்தறையையும் வணங்கிய பின்னரே பயிற்சி. கண்ணுக்கு நிறைவான ஒழுங்கு அது. ஆனால் அம்மரியாதையின் திசை மேல்நோக்கியது: மண்ணுக்கு, தெய்வத்துக்கு, குருவுக்கு. பக்கத்தில் நிற்பவரை நோக்கிப் பக்கவாட்டில் செல்லும் மரியாதை வேறு வகை. யோக வகுப்பில் குருவணக்கம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. மீதி ஒன்றரை மணி நேரமும் நாம் வாழ்வது பக்கவாட்டு உறவில்தான்.

தமிழரும் மலையாளிகளும் நன்கறிந்த பக்கவாட்டு மரியாதை ஒன்று உண்டு. அதன் பெயர் பந்தி. கல்யாண வீட்டில் பந்தியில் அமரும்போது, வரிசை எங்கே முடிகிறதோ அங்கே அமர்கிறோம். இலை விரித்தபின் எழுந்து வேறிடம் மாறுவதில்லை. பக்கத்து இலைக்குப் பரிமாறும் முன் நாம் உண்ணத் தொடங்குவதில்லை. நாம் உண்டு முடித்தாலும், அடுத்தவர் முடிக்கும்வரை எழுவதில்லை. எழுந்தால் அவர் சோறு பாதியில் நின்றுவிடும். ஒரே பந்தியில் ஒருவருக்கு நெய்யும் இன்னொருவருக்கு மோரும் ஊற்றுவதைப் ‘பந்தி வஞ்சனை’ என்று சொல்லி நம் முன்னோர் இழிவாகக் கருதினர். சவாசனத்தில் எழாதே என்பதும், வந்த வரிசையில் அமர் என்பதும், ஆசிரியர் தமக்கு வேண்டியவரையே சுற்றிவரக் கூடாது என்பதும் இந்தப் பந்தி நாகரிகத்தின் மறுவடிவங்களே என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நெய்யாறு அணை ஆசிரமத்தில் பயில்வோர் நாளுக்கு இருவேளை உணவைத் தரையில் வரிசையாக அமர்ந்து மௌனமாக உண்பார்கள். அங்கே பாய்வரிசையும் பந்தியும் ஒரே நாளின் இரு பகுதிகள்.

பந்திக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை மறைத்துவிட்டு இந்த ஒப்புமையைச் சொல்லக் கூடாது. யார் யாரோடு பந்தியில் அமரலாம் என்பதே சாதியின் மிகக் கூர்மையான அளவுகோலாக இருந்தது. திருவிதாங்கூரில் தீண்டாமையோடு காணாமையும் சேர்ந்திருந்தது. இத்தனை அடி தொலைவில் நிற்க வேண்டும் என்ற கணக்குகள் இருந்தன. 1893இல் அய்யன்காளி வில்வண்டியில் பொதுச்சாலையில் சென்றதே ஒரு கிளர்ச்சியாக இருந்த நாடு இது. கோவில் நுழைவு அறிவிப்பு வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்டின் தலைநகரில், தைக்காட்டில், ஒரு தமிழர் யோகம் கற்பித்தார். 1814இல் பிறந்து 1909இல் மறைந்த தைக்காடு அய்யாவு சுவாமிகள். ஆங்கிலேய ரெசிடென்சியில் பணியாற்றியதால் மக்கள் அவரை ‘சூப்பிரண்டு அய்யாவு’ என்று அழைத்தனர். வேட்டி கட்டி வேலைக்குச் சென்ற, மனைவி மக்களோடு வாழ்ந்த யோகி. சட்டம்பி சுவாமிகள் அவரிடம் பயின்றார். அவர் வழியாக நாராயண குரு வந்தார். அய்யன்காளியும் அவரிடம் வந்தவர். நாயரும் ஈழவரும் புலையரும் ஒரே ஆசிரியரின் மாணவராக இருந்தது அக்காலத்தில் எளிய செய்தி அன்று. தைப்பூசத்தை ஒட்டி அவர் நடத்திய சமபந்தியில் அய்யன்காளியும் மேல்சாதியினரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர் என்பது அவர் சீடர் மரபு போற்றிவரும் நினைவு. அதற்காக அவரைச் சாதிப்பெயர் சொல்லி இழித்துரைத்தவர்களும் இருந்தனர் என்று அதே மரபு சொல்கிறது. அவர் சமாதியின்மேல் எழுந்த சிவன்கோவில் இன்றும் தைக்காட்டில் இருக்கிறது.

யோகப் பயிற்சியையும் சமபந்தியையும் அய்யாவு ஏன் சேர்த்து வைத்தார்? அவற்றை இரண்டு தனித்தனிப் பணிகளாகக் காண்பதே நம் வழக்கம். ஒன்று ஆன்மிகம், மற்றது சமூகச் சீர்திருத்தம். ஆனால் அவர் தமிழ்ச் சைவ, சித்தர் மரபில் வளர்ந்தவர். அந்த மரபுக்குள் நின்று பார்த்தால் அவை இரண்டல்ல. பதஞ்சலி எட்டு உறுப்புகளில் முதலாவதான இயமத்தில் ஐந்தினை வைக்கிறார்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர்பொருள் ஏலாமை. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளைப் பாடுகிறார். ஆனால் அவருடைய இயமப் பட்டியலில் பதஞ்சலியின் ஐந்தில் இல்லாத சில வருகின்றன. அவற்றுள் ஒன்று நடுவுநிலை. மற்றொன்று பகுத்துண்ணல். ஆசனத்துக்கும் மூச்சுக்கும் முன்பே, முதல் படியிலேயே, தம் உணவைப் பிறரோடு பகிர்ந்து உண்பவராக இருக்க வேண்டும் என்கிறது தமிழ் யோக நூல். திருமந்திரம் வழியே யோகத்துக்கு வரும் ஒருவருக்குப் பந்தி என்பது யோகத்துக்குப் புறம்பான அறப்பணி ஆகாது. அது இயமத்துக்குள்ளேயே இருக்கிறது.

அய்யாவிடம் பயின்ற நாராயண குரு தமிழில் பதிகங்கள் பாடியவர். ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் தமிழ் நூலை மலையாளமாக்கியவர். அவர் 1888இல் சிவலிங்கம் நாட்டிய அருவிப்புறம் நெய்யாற்றின் கரையில் இருக்கிறது. சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறப்புகளாய் வாழும் முன்மாதிரி இடம் அது என்ற பொருள்பட அங்கே எழுதிவைத்தார். அதே ஆற்றின் மேற்புறத்தில் 90 ஆண்டுகளுக்குப் பின் உலகெங்குமிருந்து யோகம் பயில வந்தார்கள். யோக வகுப்பில் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்விக்கு இந்த ஆற்றங்கரையில் ஏற்கெனவே ஒரு விடை எழுதப்பட்டிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி, இந்த விடை எனக்கு வெறும் ஏட்டுச் செய்தியாக இல்லாமல் போன காரணத்தைச் சொல்கிறேன். நான் செல்லும் வகுப்பு வாடகைக் கூடம் ஒன்றில் நடக்கிறது. காலை ஆறு மணிக்கு வகுப்பு. ஐந்து மணிக்கே ஒரு சேச்சி வந்து கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு வெளித்திண்ணையில் அமர்ந்திருப்பார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வலியால் படியேறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டே ஏறுவார். சென்ற ஆண்டு ஒருநாள் எங்கள் ஆசிரியை, எல்லோரும் டீச்சர் என்றே அழைப்போம், “உள்ளே வாருங்கள் சேச்சி, முழங்காலுக்கு நல்லது” என்று அழைத்தார். அவர் தயங்கித் தயங்கி வந்தார். கூடத்து அலமாரியில் கிடந்த கோரைப்பாய் ஒன்றை எடுத்து வந்து, பின்வரிசையில் காலியாக இருந்த இடத்தில் விரித்தார். பக்கத்தில் இருந்தவர் தம் பாயை ஒரு முழம் நகர்த்திக்கொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் ஒரு சொல் பேசவில்லை. பாய் நகர்ந்த ஓசைகூடப் பெரிதாக இல்லை. ஆனால் சேச்சி அதைக் கண்டார்; தம் பாயையும் சுவரோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். அதன்பின் அன்றைய வகுப்பு முழுதும் அவருடைய இடக்கை சுவரில் இடித்துக்கொண்டேயிருந்தது, கையை முழுதும் நீட்ட இடமில்லாமல்.

நகர்த்தியவருக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். கால்நீட்ட இடம் போதாமல் இருந்திருக்கலாம். சாதியென்றோ வகுப்பென்றோ அவர் மனத்துக்குள் எதுவும் ஓடாமலும் இருந்திருக்கலாம். நம் காலத்து விலக்கல் இப்படித்தான் இயங்குகிறது. மெய்ப்பிக்க முடியாத அளவுக்குச் சிறியதாக, ஒரு முழ அகலத்தில். வகுப்பு முடிந்தபின் டீச்சரிடம் இதைச் சொன்னேன். “நானும் பார்த்தேன்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் தரையில் சுண்ணக்கட்டியால் கோடுகள் போட்டிருந்தார். “இனிமேல் வருகிற வரிசைப்படி முன்னாலிருந்து நிரப்பிக்கொண்டு வாருங்கள். முதலில் வருபவர் முதல் கோட்டில். யாருக்கும் நிலையான இடமில்லை. கோட்டை விட்டுப் பாய் நகரக் கூடாது, கை கால் மோதிக்கொள்ளும்” என்று மட்டும் அறிவித்தார். காரணமாக அவர் சொன்னது கை கால் மோதல். அந்த விதி யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. ஆனால் அண்டை யார் என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை எல்லோரிடமிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டது. ஐந்து மணிக்கே வந்துவிடும் சேச்சிக்கு முதல் வரிசை கிடைத்தது. பந்தியின் சிறந்த விதி எதுவோ, அது பாய்வரிசைக்கு வந்துவிட்டது. நல்நடத்தை விதிகளை மேலோட்டமானவை என்று எண்ணியிருந்த எனக்கு, நன்கு வகுத்த ஒரு சிறு விதி ஒரு நீதிமொழியைவிட விரைவாக வேலை செய்யும் என்பது அன்று விளங்கியது.

அதன் எல்லையும் விரைவில் தெரிந்தது. கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு வருபவரின் முழங்கால் ஆறு மணிக்கே களைத்திருக்கிறது. மற்றவர்கள் உறக்கம் கலைந்து வரும் உடம்பை அவர் வேலை முடிந்த உடம்பாகக் கொண்டுவருகிறார். சில வாரங்களில் வருவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, “குனிந்து துடைத்துவிட்டு மறுபடியும் குனியச் சொன்னால் முடியவில்லை, மோளே” என்றார். இதைக் கோடு போட்டுச் சரிசெய்ய முடியாது. எங்களில் ஏழெட்டுப் பேர் முறைவைத்துக் கூடத்தை நாங்களே துடைப்பதாக டீச்சரிடம் சொன்னோம். சேச்சியின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்பதைக் கூடத்து நிர்வாகத்தோடு பேசி உறுதிசெய்துகொண்டோம். ஆசிரமங்களில் இதைக் கர்மயோகம் என்பார்கள். எங்கள் வகுப்பில் அதற்குப் பெயரில்லை. வாரத்தில் ஆறு நாள் வகுப்பு. மூன்று நாள்தான் முறை ஓடுகிறது. அந்த மூன்று நாளும் சேச்சி வருகிறார். மற்ற மூன்று நாளுக்கு ஆள் கிடைக்கவில்லை.

பாயைப் பற்றியும் ஒரு சொல். வழுக்காத, ஆளுக்கொன்றான செயற்கைப் பாய் உலகெங்கும் பரவியது கடந்த அரை நூற்றாண்டுக்குள்தான். ஆறடி நீளம், இரண்டடி அகலம். பட்டா நிலம்போல அதற்கு எல்லையுண்டு, உரிமையாளர் உண்டு. நம் வீடுகளில் பாய் அப்படி இருந்ததில்லை. நான்கு பிள்ளைகள் ஒரு பாயில் படுத்தோம். விசேஷ வீட்டில் ஒரு பவானி ஜமக்காளத்தில் இருபது பேர் அமர்ந்தோம். நெய்யாறு ஆசிரமம் தன் பெயரில் தாங்கியிருக்கும் சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடை. கோரையை நீரில் ஊறவைத்து நூலிழைபோலக் கிழித்து நெய்யும் பாய்க்குப் பெயர்போன ஊர். அந்த மென்பாயை மடித்துக் கையடக்கமாக்கிவிடலாம். நெய்பவர்கள் அவ்வூர் இஸ்லாமியக் குடும்பத்தினர். உலகப் புகழ்பெற்ற ஒரு யோக மரபின் முதல்வரும், பாய் நெய்யும் அந்தக் குடும்பங்களும் ஒரே தெருக்களில் நடந்தவர்கள். பாயைச் சுற்றி எல்லைகட்டத் தோன்றும்போதெல்லாம் நான் பத்தமடையை நினைத்துக்கொள்கிறேன். விலையுயர்ந்த பாய் வைத்திருப்பவர், பழைய கோரைப்பாய் வைத்திருப்பவரின் அருகே எப்படி அமர்கிறார் என்பதிலேயே ஒரு வகுப்பின் தரம் தெரிந்துவிடும்.

இதுவரை பயில்வோரின் கடமைகளையே பேசினேன். நன்னடத்தை என்று வந்தால் நம் ஊரில் எப்போதும் கீழே அமர்ந்திருப்பவருக்கே பட்டியல் தருகிறோம். ஆசிரியருக்கும் ஒரு பட்டியல் உண்டு. புதிதாகச் சேர்பவர், குறிப்பாகப் பெண்கள், அதைத் தெரிந்துகொண்டே உள்ளே செல்ல வேண்டும். தொடும் முன் ஆசிரியர் கேட்க வேண்டும். கேட்டபின் வேண்டாமென்றால் அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. மாதவிலக்கு, கருத்தரிப்பு, அறுவை சிகிச்சை ஆகியவற்றைக் கூட்டத்தின் நடுவே விசாரிக்கக் கூடாது. உடல் பருமனையோ இயலாமையையோ நகைச்சுவைக்கு எடுக்கக் கூடாது. தொடுவதற்கு விருப்பமா இல்லையா என்பதைச் சொல்லாமலே தெரிவிக்கும்படி, பாயின் தலைமாட்டில் ஒரு சிறு அட்டையை வைக்கும் வழக்கம் வெளிநாட்டு வகுப்புகள் சிலவற்றில் இருக்கிறது. நம் வகுப்புகளுக்கும் அது நன்றாகவே பொருந்தும்.

இது மிகையான எச்சரிக்கை அன்று. மைசூரின் பட்டாபி ஜோயிஸ், ஆசனம் திருத்துவதாகச் சொல்லிப் பெண்களைத் தகாத முறையில் தொட்டார் என்று அவருடைய மாணவியர் பலர் கூறினர்; அவர் 2009இல் மறைந்தார், அவர் பேரன் 2019இல் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அதே 2019 டிசம்பரில், விஷ்ணுதேவானந்தரின் முன்னாள் உதவியாளர் ஒருவர் அவர்மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். அவர் மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. நிறுவனம் தனி விசாரணைக்கு ஏற்பாடு செய்தது. இவ்விரு செய்திகளிலும் என்னை நிறுத்திவைப்பது காலக்கணக்கு. இந்தச் சொற்கள் வெளியே வர ஏன் இத்தனை பத்தாண்டுகள்? குருவைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற பாடத்தை மாணவர்கள் நன்றாகக் கற்றிருந்தார்கள் என்பது விடையின் ஒரு பகுதி. அதாவது, நன்னடத்தையே இங்கே பூட்டாக இருந்தது.

ஆகவே விதிகளை எல்லாம் ஒரே தட்டில் வைத்து எடைபோடாதீர்கள் என்று அந்த மாணவிக்குச் சொல்வேன். ஒவ்வொரு விதியிடமும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதனால் காக்கப்படுபவர் யார்? மௌனம் காப்பது பக்கத்திலிருப்பவரின் கவனத்தைக் காக்கிறது, காத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்கு வருவது முப்பது பேரின் மூச்சைக் காக்கிறது; வாருங்கள். வலிக்கும்போதும் பேசாதிரு என்ற விதி யாரைக் காக்கிறது? ஆசிரியரின் பெருமையை மட்டும் காக்கிறது என்றால், அன்று பேசுவதே நல்ல நடத்தை. முன்வரிசை பழைய உறுப்பினர்களுக்கு என்ற வழக்கம் யாரைக் காக்கிறது? முழங்கால் தேய்ந்தவரை அது காக்கவில்லை.

ஹடயோகப் பிரதீபிகை எண்ணிய ஆறில் நான்காவதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? நியமங்களைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்வதும் யோகத்தைக் கெடுக்கும் என்று, நியமங்களை வகுக்கும் நூலே சொல்கிறது. மிகைப்பேச்சும் அதே பட்டியலில் இருக்கிறது. ஒருபுறம் வாயடக்கம், மறுபுறம் விதிப்பிடிவாதமின்மை. இரண்டையும் ஒன்றாக ஏந்திக்கொள்வது எளிதல்ல. ஆனால் பந்தியில் நல்லபடி அமரத் தெரிந்தவருக்கு அது கடினமும் அல்ல: அவர் அடுத்த இலையை எட்டிப் பார்ப்பதில்லை; ஆனால் அடுத்த இலைக்குச் சோறு வரவில்லையென்றால் பரிமாறுபவரை அழைக்கத் தயங்குவதும் இல்லை.

ஜூன் 21 நெருங்குகிறது. 2015 முதல் அந்நாளில் மைதானங்களிலும் பல்கலைக்கழக அரங்குகளிலும் ஆயிரக்கணக்கான பாய்கள் விரிகின்றன. நம் வளாகத்திலும் விரியும். முன்வரிசை அழைக்கப்பட்டவர்களுக்கு என்று நாற்காலியிட்டு ஒதுக்கப்படலாம். விடுதியில் சமைப்பவர்களும் கூடம் பெருக்குபவர்களும் அன்று கூடுதல் வேலையில் இருப்பார்கள். ஏற்பாடு செய்யும் மாணவர் சங்கத்தினர் இதைப் படிக்கிறீர்கள் என்றால் என் வேண்டுகோள் இரண்டுதான். வருகிற வரிசையில் பாய் விரியட்டும். முந்தைய நாள் மாலையே நாம் கூடித் தரையைத் துடைத்துவிடுவோம். காலையில் துடைப்பவர்களுக்கும் ஒரு பாய் இருக்கட்டும். என்னுடைய பெயரை மாலை வேலைக்கு எழுதிக்கொள்ளுங்கள்.